கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு மூலிகை, ரோஜா வளர்ப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டு மூலிகை, ரோஜா வளர்ப்பு என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் வீட்டு முற்றம், கொல்லை, மொட்டை மாடி ஆகிய இடங்களில் மூலிகைகளையும் ரோஜாவையும் அருகருகே வளர்க்கும் வழக்கத்தைக் குறிக்கும். துளசி, கற்பூரவள்ளி, தூதுவளை, வெற்றிலை முதலியன சளிக்கும் இருமலுக்கும் பறித்த கையோடு உண்ணப்படுபவை. ரோஜா தலையில் சூடவும் பூசைக்கும் ஆவது. ஆனால் வீட்டுச் செடிகளில் பூச்சியும் நோயும் மிகுதியாகத் தாக்குவதும் ரோஜாவைத்தான். இவ்விரு வகைச் செடிகளும் ஒரே முற்றத்தில் நிற்கும்போது ரோஜாவுக்குத் தெளிக்கும் எதுவும் மூலிகையிலும் படிகிறது. குழந்தையின் இருமலுக்குப் பிழியும் இலையில் படியக்கூடாத எதையும் பக்கத்திலுள்ள ரோஜாவுக்கும் தெளிக்கக்கூடாது என்பதே இவ்வகைத் தோட்டத்தின் முதல் விதியாகும். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த இப்பகுதியில் இவ்விதியைக் காப்பது வேறிடங்களைவிடச் சற்றுக் கடினம். அதன் காரணம் கீழே விளக்கப்படுகிறது.

நிலமும் தட்பவெப்பமும்

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் தென்மேற்கில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலைக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 முதல் 400 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1895 இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கீழிறங்கி இங்குப் பாய்கிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் இந்நீரை நம்பியுள்ளது. வாய்க்கால் பாசனப் பகுதியில் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் சென்றால் நிலை வேறு. அங்கு ஆழ்துளைக் கிணற்று நீரே பல வீடுகளுக்கு ஆதாரம்.

இப்பகுதி மலையின் மழை மறைவில் அமைந்தது. தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும் மழை இங்குச் சாரலாகவும் பலத்த காற்றாகவும் வந்து சேரும். ஆனி, ஆடி மாதங்களில் கணவாய்கள் வழியே வீசும் காற்றில் மொட்டை மாடித் தொட்டிகள் உருள்வது வழக்கமான காட்சி. பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மலையடிவார ஊர்களில் இரவு குளிரும். பங்குனி தொடங்கிப் பகல் வெப்பம் ஏறி, சித்திரையில் 40 பாகை செல்சியசை நெருங்கும் நாள்களும் உண்டு.

இதனால் வீட்டுத் தோட்டத்திற்கு மூன்று காலங்களை மனத்தில் கொள்ள வேண்டியுள்ளது. மழைக்காலத்தில் ரோஜா இலையில் கரும்புள்ளி நோய், குளிர்காலத்தில் சாம்பல் நோய், கோடையிலும் காற்றுக் காலத்திலும் இலைப்பேனும் செஞ்சிலந்தியும். செடி ஓய்வாக நிற்கும் காலம் என்று ஒன்று இல்லை. தோட்டக்கலை நூல்கள் பல குளிர்நாட்டு நாள்காட்டியைப் பின்பற்றி எழுதப்பட்டவையாதலால் அவற்றை அப்படியே இங்குப் பின்பற்ற இயலாது.

எந்த ரோஜா

நாற்றங்கால்களில் 'ஊட்டி ரோஜா' என்று விற்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை கலப்புத் தேயிலை ரோஜா வகையைச் சேர்ந்தவை. இவ்வகையின் முதல் ரோஜாவாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 1867 இல் பிரான்சில் வெளிவந்த 'லா பிரான்ஸ்' ஆகும். நீண்ட காம்பில் ஒற்றைப் பூ, பெரிய மொட்டு, பல வண்ணம் ஆகியவை இதன் கவர்ச்சி. உதகமண்டலத்தில் 1995 இல் அமைக்கப்பட்டு, 2006 இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பிடம் சிறந்த தோட்டத்திற்கான விருது பெற்ற அரசு ரோஜாப் பூங்காவைப் பார்த்துத் திரும்புவோர் அதே செடியைத் தம் வீட்டிலும் வைக்க விரும்புவது இயல்பு. ஆனால் அப்பூங்கா 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கு செழித்த செடி கம்பத்தின் சித்திரை வெயிலில் சிறுத்த பூவையே தரும். அடுத்த மழைக்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும்.

இவ்விடத்துக்கு ஏற்றது பன்னீர் ரோஜா. வெளிர் சிவப்பு நிறமும் மிகுந்த மணமும் உடையது. தமிழகத்தில் இப்பெயரில் பயிராவது பெரும்பாலும் 'எட்வர்டு ரோஜா' என்னும் பழைய வகை. இதன் வரலாறு சுவையானது. இந்தியப் பெருங்கடலில் உள்ள, இன்று ரியூனியன் எனப்படும் தீவு முன்னர் பூர்போன் எனப்பட்டது. அங்கு வேலியாக நடப்பட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகக் கலந்து உண்டானதே இது என்பது ரோஜா ஆய்வாளர் பலர் கொள்ளும் கருத்து. வெப்பத் தீவில் பிறந்த செடி நம் சமவெளி வெயிலைத் தாங்குவதில் வியப்பில்லை. நோய் குறைவு, ஆண்டு முழுவதும் பூக்கும், குச்சியை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். இதழ் விரைவில் உதிரும் என்பது மட்டுமே குறை. சின்னமனூருக்கு அருகிலுள்ள சீலையம்பட்டியின் பூச்சந்தைக்கு வரும் உதிரி ரோஜாக்களைப் பார்த்தால் இப்பகுதியில் எது தழைக்கும் என்பது விளங்கும். மணம் குறைவாயினும் அடர்ந்த சிவப்பு நிறமுடைய ஆந்திர ரோஜாவும், கொத்தாகச் சிறு பூ பூக்கும் பட்டன் ரோஜாவும் இங்கு நன்றாக வளர்கின்றன.

வெப்பநாட்டு ரோஜாக்களை உருவாக்கும் முயற்சி இந்தியாவில் நெடுநாளாக நடந்து வருகிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக 1965 இல் பொறுப்பேற்ற பெஞ்சமின் பியாரி பால், கோதுமை ஆய்வுக்குப் புகழ் பெற்றவர். அவரே வட இந்தியச் சமவெளிக்கு ஏற்ற பல ரோஜா வகைகளையும் உருவாக்கினார். தேனிக்கு இன்னும் அருகில், பெரியகுளத்துக்கு மேலே மலையில் அமைந்த கொடைக்கானலில், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிய எம். எஸ். வீரராகவன் பல்லாண்டுகளாக ரோஜாக் கலப்பில் ஈடுபட்டு வந்துள்ளார். மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜான்டியா, கிழக்கிந்தியச் சதுப்பு நிலங்களின் ரோசா கிளினோபில்லா ஆகிய காட்டு இனங்களைப் பயன்படுத்தி வெப்பத்தைத் தாங்கும் வகைகளை உருவாக்குவதே அவர் மேற்கொண்ட வழி. ரோஜா என்றாலே வெளிநாட்டுச் செடி என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காட்டு ஓரங்களில் வெண்ணிறப் பூ பூத்துப் படரும் ரோசா லெசனோல்டியானா நம் மலைகளுக்கே உரிய காட்டு ரோஜா என்பது குறிப்பிடத்தக்கது.

ஒட்டுச் செடி வாங்குவோர் அறிய வேண்டியது

கலப்பு ரோஜாக்களில் பெரும்பாலானவை வேறொரு முரட்டு ரோஜாவின் வேர்ச்செடி மீது மொட்டு ஒட்டுக் கட்டப்பட்டவை. ஒட்டுக் கட்டிய இடம் தண்டின் அடியில் சிறு முடிச்சுப் போலத் தெரியும். அம்முடிச்சுக்குக் கீழிருந்து எழும் தளிர் வேர்ச்செடியினுடையது. அது விரைந்து வளர்ந்து, மேலே உள்ள ஒட்டுக்குச் செல்ல வேண்டிய சத்தை எடுத்துக்கொள்ளும். 'வாங்கும்போது மஞ்சள் பூவாக இருந்தது, இப்போது பூக்கவே இல்லை, ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது' என்று கூறப்படும் செடிகளில் பெரும்பாலும் நிகழ்ந்தது இதுவே. ஏழு சிற்றிலை வந்தால் காட்டுத் தளிர், ஐந்து வந்தால் நல்ல தளிர் என்று சொல்வதுண்டு. இது எப்போதும் சரியாக இராது. நல்ல ரோஜா பலவற்றிலும் ஏழு சிற்றிலைகள் உண்டு. தளிர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பார்ப்பதே சரியான சோதனை. முடிச்சுக்குக் கீழே எழுந்ததை வெட்டாமல், மண்ணை விலக்கி அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் அதே இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும்.

நடும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் இரு விரற்கடை உயரத்தில் இருத்தல் வேண்டும். குச்சி நட்டு வளர்த்த பன்னீர் ரோஜாவில் இச்சிக்கல் எதுவும் இல்லை. அடியிலிருந்து எழும் ஒவ்வொரு தளிரும் அதே செடிதான்.

மண், தொட்டி, நீர்

செம்மண் இரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் அல்லது தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு என்பது பொதுவான கலவை. தென்னை மிகுந்த இப்பகுதியில் நார்க்கழிவு எளிதில் கிடைக்கும். புதிய நார்க்கழிவில் உப்பு இருக்குமாதலால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்பே சேர்க்க வேண்டும். வயல் வண்டலை மட்டும் தொட்டியில் நிரப்பினால் கோடையில் கல்லாக இறுகிவிடும். ரோஜாவுக்கு வாய் அகலம் ஓரடிக்குக் குறையாத தொட்டி தேவை. மூலிகைகள் பலவற்றுக்கு அதில் பாதி போதும்.

திராட்சைத் தோட்டத்திலிருந்தோ பருத்திக் காட்டிலிருந்தோ மேல்மண் எடுத்து வந்து தொட்டியில் நிரப்புவது தவிர்க்கத்தக்கது. பல்லாண்டு தெளித்த தாமிரம் மண்ணில் தங்கியிருக்கும். மருந்துப் புட்டிகள், உரச் சாக்குகள் ஆகியவற்றைத் தொட்டியாகப் பயன்படுத்துவோரும் உண்டு. உரச் சாக்கைக் கழுவிப் பூச்செடிக்குப் பயன்படுத்தலாம். மருந்து இருந்த எந்தக் கலத்தையும் எதற்கும் பயன்படுத்தலாகாது.

பெரியாற்று நீர் குடிநீர்க் குழாயில் வரும்போது குளோரின் கலந்திருக்கும். அகன்ற வாளியில் ஓரிரவு வைத்து ஊற்றினால் போதும். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரே பெருந்தொல்லை. மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூப்பும், ரோஜா இலை விளிம்பில் கருகலும் தோன்றினால் உப்பு மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். இரு வாரத்திற்கு ஒரு முறை அடித்துளை வழியே ஓடும்படி நிறைய நீர் விட்டு உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. வல்லாரை, புதினா ஆகியவற்றைச் சமையலறைக் கழிவுநீர் ஓடும் இடத்தில் விடுவது பழைய பழக்கம். அவை அங்குத் தழைப்பது உண்மைதான். ஆயினும் பச்சையாக அரைத்து உண்ணும் கீரையை அழுக்கு நீரில் வளர்ப்பது வயிற்றுப்போக்கை விலைக்கு வாங்குவதாகும்.

தொட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் வாரம் ஒரு முறையேனும் அதைக் கவிழ்த்துத் துடைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு, ஒரு வாரம் தேங்கிய அத்தகைய தெளிந்த நீரிலேயே முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். கொசுவை விரட்டத் துளசி வளர்க்கும் வீட்டில் துளசித் தொட்டியின் தட்டிலேயே கொசு வளர்வது விரும்பத்தக்கதன்று.

வெயில், காற்று, கவாத்து

ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருத்தல் நலம். மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டியில் சித்திரை மாதம் மண்ணே சூடேறி வேர் வெந்துவிடும். பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகலில் நிழல் வலையோ, பந்தல் நிழலோ தேவை. தொட்டி மண்ணைத் தென்னை மட்டை நார், வைக்கோல் கொண்டு மூடலாம். நீரைக் காலையில் வேரில் ஊற்ற வேண்டும். மாலையில் இலை நனைய ஊற்றினால் இரவு முழுதும் ஈரம் தங்கிக் கரும்புள்ளி நோய்க்கு வழி பிறக்கும். ஆனி பிறக்கும் முன் உயர்ந்த கிளைகளைக் குச்சியோடு கட்டிவிடுவதும், தொட்டிகளை மேற்குக் கைப்பிடிச் சுவரின் மறைவுக்கு நகர்த்துவதும் இப்பகுதியின் தேவைகள்.

ரோஜாக் கவாத்துக்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான காலம் பொதுவாகக் கூறப்படுகிறது. கம்பம் பகுதியில் ஐப்பசியில் வெட்டினால் வெட்டுவாயில் மழைநீர் புகுந்து கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கும். அடைமழை ஓய்ந்த பின், கார்த்திகை கடைசியிலோ மார்கழியிலோ வெட்டுவதே பொருத்தம். காய்ந்தது, நோயுற்றது, உள்நோக்கி வளர்ந்தது ஆகியவற்றை முதலில் நீக்கி, எஞ்சிய கிளைகளில் ஏறத்தாழப் பாதியை, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூக்கும். பன்னீர் ரோஜாவுக்கு இவ்வளவு கடுமையான வெட்டு வேண்டியதில்லை. வாடிய பூவை இரண்டு இலைகளோடு சேர்த்துக் கிள்ளி வந்தாலே தொடர்ந்து துளிர்க்கும்.

உரமாக மாதம் ஒரு பிடி மண்புழு உரமோ தொழுவுரமோ போதும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு நீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றலாம். தேநீர்ச் சக்கையைப் பாலும் சர்க்கரையும் போகக் கழுவிய பின்பே போட வேண்டும்; இல்லாவிடில் எறும்பு வரும், எறும்பைத் தொடர்ந்து மாவுப்பூச்சி வரும்.

வீட்டு மூலிகைகள்

இடம் இருக்கிறது என்று இருபது வகையை நட்டு, எதையும் பயன்படுத்தாமல் விடுவதைவிட, அடையாளம் நன்கு தெரிந்த ஆறேழு செடிகளை வைத்திருப்பது நல்லது.

துளசிக்கு முழு வெயில் வேண்டும். பூங்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி முற்றாமல் இலை தரும். விதைக்காகச் செடியில் ஒரு கதிரை மட்டும் விட்டு வைக்கலாம். கற்பூரவள்ளி (ஓமவல்லி) அரை நிழலிலும் வளரும். ஒடித்து நட்ட தண்டு இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அது சாவதற்குக் காரணம் பெரும்பாலும் மிகுதியான நீரே. தூதுவளை முள்ளுள்ள கொடி. குழந்தைகள் ஓடும் வழியில் வைக்காமல் வேலியோரம் ஏற்றிவிட வேண்டும். ஆடு தொடாத செடியாதலால் ஆடாதோடை எனப் பெயர் பெற்றது என்பர். அதன் முற்றிய குச்சியை மழைக்காலத்தில் நட்டால் வேலியாகவே வளர்ந்துவிடும். வல்லாரைக்கு ஈரமும் நிழலும், சோற்றுக் கற்றாழைக்கு அதற்கு நேர்மாறாக வறட்சியும் வெயிலும் தேவை. எனவே இவ்விரண்டையும் ஒரே தொட்டியில் நடலாகாது. புதினாவைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே வளர்க்கலாம். சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு, நிழலும் ஈரமும் இருந்தால் அது வீட்டுச் சுவரிலும் ஏறும் என்பது தெரிந்திருக்கும்.

கறிவேப்பிலைக் கன்றில் பறவை எச்சம் போன்ற புழுக்கள் காணப்பட்டால் அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். பெரிய மரமாயின் அவற்றுக்கும் கொஞ்சம் விட்டுவிடலாம்.

பூச்சியும் மருந்தும்

கம்பம் பன்னீர் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டு முழுவதும் அறுவடையாவது இதன் சிறப்பு. அறுவடை ஆண்டு முழுவதும் நடப்பதால், ஏதேனும் ஒரு தோட்டத்தில் மருந்தடிப்பும் ஆண்டு முழுவதும் நடந்துகொண்டிருக்கும். இங்குள்ள வீடுகளில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. தோட்டத்திற்கு வாங்கியதில் மீந்ததை ஒரு மூடி எடுத்து நீரில் கலந்து வாசல் ரோஜாவுக்குத் தெளிப்பது எளிது; அதனாலேயே ஆபத்தானது.

முதலாவதாக அளவு. தோட்டத்து அளவு என்பது பெரிய கைத்தெளிப்பானுக்கும் ஏக்கருக்கும் வகுக்கப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மூடி என்பது பரிந்துரைத்ததைப் போலப் பல மடங்காகக் கூடும். இரண்டாவதாக, காத்திருப்புக் காலம். திராட்சைக்கு மருந்தடித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று புட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் கிள்ளப்படும் துளசிக்கு அத்தகைய இடைவெளியே கிடையாது. மூன்றாவது காரணமே முதன்மையானது. அசுவினி, இலைப்பேன் போன்ற சாறுறிஞ்சிகளுக்கு எதிரான மருந்துகளில் பல ஊடுருவிப் பரவும் தன்மையுடையவை. இலையிலோ வேரிலோ பட்டால் செடியின் சாற்றோடு கலந்து எல்லாத் தளிருக்கும் செல்லும். இவற்றைக் கழுவி நீக்க இயலாது. ரோஜாவின் மீது தெளித்து வழிந்த நீர் கீழே உள்ள வல்லாரைத் தொட்டியில் சொட்டினால், சில நாளில் அம்மருந்து வல்லாரை இலையில் இருக்கும். ஊடுருவும் மருந்துகளில் ஒன்றான மோனோகுரோட்டோபாசை காய்கறிகளில் பயன்படுத்த இந்திய அரசு 2005 இலேயே தடை விதித்தது. காய்கறிக்கே ஆகாதது, பச்சையாக மெல்லும் துளசிக்கு எவ்வாறு ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டு ரோஜாவுக்கு நீர்ப் பீய்ச்சலே முதல் மருந்து. செஞ்சிலந்தி இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையோடு இருக்கும். வறண்ட வெயிலை விரும்பும் அதனைக் காலையில் இலையின் அடிப்புறத்தில் வேகமாக நீர் பீய்ச்சி மூன்று நாள்களுக்கு ஒரு முறை கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அசுவினியை விரலால் வழித்து எடுக்கலாம். மாவுப்பூச்சிக்குச் சாராயமுள்ள மருத்துவ ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பது பயன் தரும். மொட்டின் விளிம்பு பழுப்பேறி விரியாமல் நின்றால் உள்ளே இலைப்பேன் உள்ளது. அம்மொட்டுகளைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். செடியில் விட்டு வைத்தால் அடுத்த மொட்டுக்குச் செல்லும்.

இவற்றுக்கும் அடங்காவிடில் வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரில் கலக்கும் அளவுக்குச் சிறிது காதி சோப்பும் சேர்த்து நன்கு குலுக்கி, வெயில் தணிந்த மாலையில் தெளிக்க வேண்டும். சோப்பு மிகுந்தால் இலை கருகும். நண்பகலில் தெளித்தாலும் கருகும். வேப்பெண்ணெய் படிந்த மூலிகை கசக்குமே தவிர, சில நாள் கழித்துக் கழுவிப் பயன்படுத்தலாம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிப்பதுண்டு. இதனை வேப்பெண்ணெய் தெளித்த இரு வாரத்திற்குள்ளோ, கோடை வெப்பத்திலோ பயன்படுத்தினால் இலைகள் தீய்ந்துவிடும். கரும்புள்ளி நோய்க்கு உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுவதும் அடிக்கிளைகளை நீக்கிக் காற்றோட்டம் தருவதும் மருந்தைவிடப் பயனுள்ளவை.

திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கப்படும் போர்டோ கலவை, பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்தே என்னும் அறிவியலாளர் 1885 இல் வெளியிட்டது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. ரோஜாக் கவாத்தின் வெட்டுவாயில் இதைப் பசையாகத் தடவுவது சரியே. செடி முழுதும் தெளித்தால் அருகிலுள்ள மூலிகையிலும் நீலப் புள்ளியாகப் படியும்.

கொடுமுடி மருத்துவர் கா. நடராசனால் பரவலாக அறியப்பட்ட பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 30 மில்லி லிட்டர் கலந்து ரோஜாவுக்குத் தெளிக்கலாம். நல்ல பலன் தருவதாக வளர்ப்போர் கூறுவர். ஆயினும் அது சாணமும் கோமியமும் புளித்த கரைசல். பச்சையாக உண்ணும் இலை மீது தெளிக்காமல் மூலிகைக்கு வேரில் மட்டும் ஊற்றுவது தூய்மைக்கு ஏற்றது. இயற்கையானது என்பதாலேயே எல்லாம் உண்ணத்தக்கதாகிவிடாது.

தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் மற்றொரு சிக்கல் உண்டு. அடுத்த வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் மிதந்து வரும். மூலிகைத் தொட்டிகளை வீட்டின் மறுபக்கத்திற்கு மாற்றுவதும், மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிக் கேட்டறிந்து தொட்டிகளை மூடி வைப்பதும் இயலக்கூடியவை. பள்ளத்தாக்கில் அண்டை வயல்காரர் பெரும்பாலும் தெரிந்தவராகவோ உறவினராகவோ இருப்பார், கேட்டால் சொல்லிவிடுவார். மருந்து பட்டுவிட்டதென்று தெரிந்தால் அவ்விலைகளை முற்றிலும் கிள்ளி எறிந்துவிட்டுப் புதிய தளிருக்குக் காத்திருப்பதே பாதுகாப்பானது.

எதற்கும் அடங்காத ரோஜாவாயின் தரையை ஒட்டி வெட்டிவிடலாம், அல்லது பிடுங்கிவிடலாம். புதிய பன்னீர் ரோஜாக் குச்சி அண்டை வீட்டில் கிடைக்கும்.

மருந்தாகப் பயன்படுத்துகையில்

வீட்டில் வளர்த்த மூலிகை என்பது அளவின்றி உண்ணத்தக்கது என்று பொருள்படாது. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. கருவுற்ற பெண்கள் உண்ணலாகாது. சோற்றுக் கற்றாழையை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் நிறப் பால் கடும் பேதியை உண்டாக்கும். மடலைச் செங்குத்தாக நிறுத்தி அப்பாலை வடியவிட்டு, தோல் சீவி, சோற்றை ஏழெட்டு முறை நீரில் கழுவுவது வழக்கம். கீழாநெல்லியைப் போன்ற தோற்றமுடைய செடிகள் பல உள்ளன. காமாலை என்று ஐயுற்றால், வேலியோரம் பறித்த இலையை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் சென்று குருதிப் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.

2012 இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை வழங்கியதன் பின், நிலவேம்புச் செடிக்கு வீடுகளில் தேவை கூடியது. அக்குடிநீர் நிலவேம்பு மட்டுமன்று. ஒன்பது சரக்குகள் சேர்ந்த சூரணத்திலிருந்து காய்ச்சப்படுவது. வீட்டு இலையைக் கொதிக்க வைத்த நீர் அதற்கு ஈடாகாது.

சிறியாநங்கை என்றும் பலரால் அழைக்கப்படும் இதே செடியைப் பற்றி, அது வீட்டில் இருந்தால் பாம்பு வராது, கடித்தாலும் இலையைத் தின்றால் நஞ்சு முறியும் என்னும் நம்பிக்கைகள் தேனி மலையடிவாரச் சிற்றூர்களிலும் உண்டு. பாம்பு வராமைக்குச் செடி காரணமாக முடியாது. உண்மையில் அடர்ந்த தொட்டிகளும் குவித்த ஓடுகளும் எலியையும், எலியைத் தேடிப் பாம்பையும் வரவழைக்கும். கடிபட்டவருக்கு இலை தின்னக் கொடுத்துக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு இழப்பு. நஞ்சுமுறி மருந்து ஊசியே தீர்வு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுகக் கட்டாமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ, ஆண்டிபட்டிக்கு அருகே க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்ல வேண்டும்.

அரளி, ஊமத்தை, செங்காந்தள் ஆகியவை அழகுக்காகவோ பூசைக்காகவோ வளர்க்கப்படுகின்றன. இவை கடும் நஞ்சுடையன. குழந்தைகள் தாமே இலை பறித்து மெல்லும் பழக்கமுள்ள மூலிகைப் பாத்தியின் அருகில் இவற்றை வைக்கலாகாது.

குல்கந்து

மூலிகையும் ரோஜாவும் ஒன்றாகச் சேரும் இடம் குல்கந்து. பன்னீர் ரோஜாவின் இதழ்களை அதிகாலையில் பறித்து, கழுவி, ஈரம் போக நிழலில் உலர்த்தி, அதே எடைக்குக் குறையாத கற்கண்டு அல்லது சர்க்கரையோடு அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் வைப்பர். நாள்தோறும் உலர்ந்த கரண்டியால் கிளற வேண்டும். இதழ் கரைந்து பாகானால் பதம். நீரிழிவு உள்ளோர்க்கு உகந்ததன்று.

கடையில் விற்கும் ரோஜா மாலைக்காகவும் சூடுவதற்காகவும் பயிராவது. உண்பதற்கென்று வளர்க்கப்படாத அப்பூவுக்கு மருந்தடிப்பில் காத்திருப்புக் காலம் பார்க்கப்படுவதில்லை. எனவே அதனை வாங்கிக் குல்கந்து செய்யலாகாது. வீட்டில் மருந்தின்றி வளர்த்த பன்னீர் ரோஜா ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு சிறு குடுவைகளுக்குத்தான் இதழ் தரும்.

கன்றும் ஆலோசனையும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் பெரியகுளத்தில் உள்ளது. பி.கே.எம்.-1 முருங்கை உருவானது இங்குதான். ஆனைமலையன்பட்டியில் உள்ள அப்பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் திராட்சை பயிரிடுவோருக்கானது. அருகிலுள்ள தோட்டத்தில் என்ன மருந்து, எக்காலத்தில் தெளிக்கப்படுகிறது என்பதை அறிய விரும்பும் வீட்டாருக்கும் அங்குள்ளோர் விளக்கம் தரக்கூடும். நோயுற்ற இலையை நெகிழிப் பையில் இட்டு எடுத்துச் சென்று காட்டுவது, நோயை வாயால் விவரிப்பதைவிட எளிது.

சாலையோர வண்டிகளில் ரோஜாக் கன்று வாங்கும்போது பூவைப் பாராமல் ஒட்டு முடிச்சையும், இலையின் அடிப்புறத்தையும், தொட்டியின் அடித்துளையில் வேர் வெண்மையாக உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கி வந்த செடியைப் பத்து நாள்களேனும் மூலிகைகளிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. விற்பனைக்கு முன் அதற்கு என்ன தெளிக்கப்பட்டது என்பது வாங்குவோருக்குத் தெரியாது. அதன் முதல் பூக்களைச் சூடிக்கொள்ளலாம். இதழ்களை உண்ணுவதற்கு, கவாத்துக்குப் பின் புதிதாகத் தழைத்துப் பூக்கும் வரை காத்திருக்க வேண்டும்.